காரணம்: நேரம் ஒத்துவரவில்லை

பார்சிப்பனி என்ற அமெரிக்க ஊரில் இருந்த அந்த மனநல ஆலோசனை மையத்தில் எழிலரசி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, அவளிடம் சிகிச்சைக்கு வரவேண்டிய மூன்று பேரை வேறு தெரபிஸ்டுகளுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று பேருக்கும் கணினியில் ஒரே காரணம்தான் போட்டிருந்தது: நேரம் ஒத்துவரவில்லை. புதிதாக வந்தவளுக்கு அப்படித்தான் நடக்கும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் வருடம் யோலாண்டாதான் உண்மையைச் சொன்னாள். அதே மையத்தில் தெரபிஸ்ட், கறுப்பினத்தவள், பதினொரு வருட அனுபவம். ஃபோனில் சிலர் “எங்களை மாதிரி ஆள்” வேண்டும் என்று கேட்பதையும், வரவேற்பு மேசையில் சத்தமில்லாமல் வெள்ளைக்காரர்களிடம் மாற்றிவிடுவதையும் அவள் நேரிலேயே கவனித்திருந்தாள்.

எழிலரசி விஷயத்தை ஷ்யாமளாவிடம் கொண்டுபோனாள். ஷ்யாமளா அந்த மையத்தின் டைரக்டர், கோயம்புத்தூர்க்காரி. ஈரோட்டிலிருந்து வந்த எழிலரசிக்கு இந்த ஊரில் அக்கா என்று கூப்பிட இருந்த ஒரே ஆள். பிரசவத்தின்போது பதினைந்து நாள் பத்தியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவள்.

“டேட்டா இல்லாம போர்டு முன்னாடி போய் நின்னா சிரிப்பாங்க எழில்” என்றாள் ஷ்யாமளா. “நீயும் யோலாண்டாவும் ரெண்டு வருஷ ரெக்கார்ட்ஸ செக் பண்ணுங்க. நான் பெர்மிஷன் தர்றேன். ஈமெயில் எல்லாம் எதுக்கு, நான் சொன்னா போதாதா?”

விஷயத்தைக் கேட்ட யோலாண்டா தயங்கினாள். எழுதி வாங்கிவிடலாம் என்றாள். ஷ்யாமளா அப்படிப்பட்டவள் இல்லை, அவளுக்கு நான் பொறுப்பு என்று எழிலரசிதான் சமாதானம் சொன்னாள்.

ஏழு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், யோலாண்டாவின் கணினியில் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மாற்றப்பட்டவர்கள் நூற்றுப் பதினாலு பேர். அதில் தொண்ணூற்றாறு பேர் கறுப்பு, பழுப்பு நிறத் தெரபிஸ்டுகளிடமிருந்து வெள்ளையர்களிடம் போனவர்கள். அறிக்கையை வாங்கிப் படித்த ஷ்யாமளா எழிலரசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, யோலாண்டாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அனுமதியில்லாமல் சிகிச்சைக்கு வருபவர்களின் விவரங்களைத் திறந்து பார்த்தாளாம்.

எழிலரசி ஷ்யாமளாவின் அறைக்கு ஓடினாள்.

“கதவ சாத்து. உன் பேரு எதுலயும் வராம பாத்துக்கிட்டேன்.”

“அக்கா, நீங்கதான பெர்மிஷன் குடுத்தீங்க?”

“ரிப்போர்ட்டப் பாத்ததும் போர்டுல லாயரக் கூப்ட்டுட்டாங்க. நான்தான் பாக்கச் சொன்னேன்னு சொன்னா என்னைத்தான் மொதல்ல அனுப்புவாங்க. இந்த சேர்ல உக்கார எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு எழில்.” பிறகு குரலைத் தணித்தாள். “வெள்ளிக்கிழமை ஹெச்.ஆர்ல உன்னையும் கூப்பிடுவாங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. லைசென்ஸ் வாங்க நீ வேலை பாத்த மணிநேரத்துக்கெல்லாம் நான்தான சைன் பண்ணணும்? க்ரீன் கார்டு வேற பெண்டிங். உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?”

பத்தியச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்ன அதே குரல். காரில் போய் உட்கார்ந்த பிறகுதான் அது மிரட்டல் என்று எழிலரசிக்கு உறைத்தது.

“யோலாண்டாவையே மாட்டிவிட்டவங்க உனக்கு எப்படியும் சைன் பண்ண மாட்டாங்க. இனிமே என்ன பயம்?” என்றான் அன்றிரவு கணவன் மதன். ஆனாலும் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. யோலாண்டா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெச்.ஆரில், ஷ்யாமளா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே எழிலரசி சொல்லிவிட்டாள். அனுமதி கொடுத்தது ஷ்யாமளா, தேதி இது, அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர், விவரங்களை நானும்தான் பார்த்தேன். ஷ்யாமளா அவள் முகத்தைப் பார்க்காமல், இவர் குழம்பிப்போயிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஹெச்.ஆர் பெண்மணி ஃபைலை மூடினாள். யோலாண்டா புதன்கிழமையே ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றாள்.

பார்க்கிங்கில் நின்றபடியே எழிலரசி யோலாண்டாவைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“எனக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றாள் யோலாண்டா. “திங்கட்கிழமையே உனக்குத் தெரியும். ஷ்யாமளா செய்தது எனக்கு ஆச்சரியமே இல்லை. உன்னை நம்பித்தான் நான் எழுதி வாங்காமல் விட்டேன்.”



ஷ்யாமளா ஒரு மணிநேரத்துக்குக்கூடக் கையெழுத்துப் போடவில்லை. எடிசன் என்ற ஊரில் ஒரு சின்ன மையத்தில் எழிலரசி மணிக்கணக்கை முதலிலிருந்து தொடங்கினாள். யோலாண்டா மாநில அரசிடம் புகார் கொடுத்திருக்கிறாள். அதில் முதல் சாட்சி எழிலரசி. விசாரணை நாட்களில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் காத்திருக்கிறார்கள். தேதிகளைச் சரிபார்க்க மட்டும் யோலாண்டா அவளிடம் பேசுகிறாள்.