குடோன் மாடிக் காற்று

பொன்ராஜ் அண்ணாச்சி கொசுறாக ஒரு மிளகாய் வத்தல் கொடுத்துக்கூட அருப்புக்கோட்டையில் யாரும் பார்த்ததில்லை. அவர் திருச்சுழி ரோட்டுக் குடோன் மாடியைச் சௌடேஸ்வரி டீச்சருக்கு வாடகையில்லாமல் விட்டபோது ஊர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டீச்சர் சந்தோஷப்பட்டாள்.

வானத்தின் உச்சியில் வெயிலின் விஷத்தை வடிகட்டும் ஓசோனைச் சில வாயுக்கள் அரிக்கின்றன. அவை காற்றில் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு கூடுகின்றன என்று வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடம் அளந்துகொண்டிருந்தது. ஆலைப்புகை அண்டாத பொட்டல் காற்று வேண்டுமென்றார்கள். வாராவாரம் டீச்சர் மாடியேறி, இரும்புக் குப்பியைத் திறந்து, காற்றைப் பிடித்து மூடி அனுப்புவாள். 1976இல் ஆரம்பித்து ஒரு வாரம் தவறவில்லை. தங்கச்சி கல்யாணத்தன்றும் தாலி ஏறியதும் பஸ் ஏறியவள்.

எழுபத்தொன்பதில் ஆராய்ச்சிக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மூணு மாசமா உங்க குப்பியில கார்பன் டெட்ராகுளோரைடு, ஓசோனை அரிக்கிற வாயுல ஒண்ணு, எக்கச்சக்கமா இருக்கு. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த மூணு மாசத்தை மட்டும் கழிச்சிரலாம். தெரியலைன்னா மூணு வருஷமும் குப்பைதான்."

சாயங்காலம் டீச்சர் குடோன் ஜன்னலில் மூக்கை வைத்தாள். ஒரு மாதிரி இனிப்பான மருந்து வாடை. உள்ளே கூரை முட்டத் துவரம்பருப்பு மூட்டை. பருப்பு விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், பதுக்கினால் கைது.

"பூச்சிமருந்து விட்டீகளா அண்ணாச்சி?" என்று பின்னால் வந்து நின்றவரைக் கேட்டாள்.

"வாசல்ல 'அரசு ஆராய்ச்சி, உள்ளே வராதே'ன்னு போர்டு தொங்குது. தாசில்தார் ஆளுக படிச்சவுக, ஒதுங்கிட்டாக. வண்டுக்குப் படிப்பு இல்லையே டீச்சர், என்ன செய்ய?"

"இதுக்காகவா மாடியைக் குடுத்தீக?"

"பின்னே, காத்துக்காகவா?"

"நான் அவர்ட்ட சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க. டீச்சர் பொய் சொல்லலாமா?" குரல் இறங்கியது. "ஒரு ராத்திரி மட்டும் பொறுத்துக்கோங்க. பொம்பளப் பிள்ளைகளை வச்சிருக்கேன்."

மாடியேறும்போதெல்லாம் மோர் கொடுத்தனுப்பிய மனுஷன். டீச்சர் பொறுத்தாள்.

காலையில் ஆராய்ச்சிக்காரரைக் கூட்டிவந்தாள். குடோனில் ஒரு மூட்டை இல்லை. கழுவிவிட்டு, சாம்பிராணி போட்டு, கோயில் மாதிரி இருந்தது. அண்ணாச்சி இளநீரோடு நின்றார்.

"நேத்துவரை இங்க பருப்பு மூட்டை இருந்துச்சு சார். அதுக்கு விட்ட மருந்துதான்."

"இருந்தா ஒரு பருப்பாவது சிந்தியிருக்காதா?" என்றார் அண்ணாச்சி. "டீச்சரைக் கோவிச்சுக்கிடாதீக சார். அவுக வீட்டுல தறி ஓடுது. சேலையில எண்ணெய்க்கறை எடுக்க இதே மருந்துதான் வச்சிருப்பாக. அந்தக் கையோட குப்பியைத் தொட்டிருப்பாக, பாவம்."

ஆராய்ச்சிக்காரர் டீச்சரைப் பார்த்தார். "வீட்டுல இருக்கா?"

"இருக்கு. ஆனா நான்..."

"எப்பருந்து?"

"எப்பவுமே இருக்கும்."

"இப்ப நெறையப் பட்டதால தெரிஞ்சது. முன்னால கொஞ்சம் கொஞ்சமாப் பட்டிருந்தா? இனி எந்த வருஷத்தைம்மா நம்புறது?"

அண்ணாச்சியே வேட்டியை மடித்துக் கட்டி, குப்பிப் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். கயிற்றை இறுக்கிக் கட்டும்படி டிரைவருக்குப் புத்தியும் சொன்னார்.

ஜீப் போனபின் டீச்சர் தமிழில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். ஆயுசு முழுக்க அந்தக் கன்னடம் பேசும் நெசவாளிகளோடு பேரம் பேசிய அண்ணாச்சிக்கு அது நன்றாகவே புரியும்.

"வெயில் ஏறுது டீச்சர்," என்றார். "பஸ்ஸுக்குக் கிளம்புங்க."