முழுகிய கப்பலுக்கு மாலை மரியாதை

செங்கம்மாளின் புருஷன் முனிகிருஷ்ணன் கப்பலோடு போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் சேர்ந்து குடித்தனம் நடத்தியது மூன்று மாசம்தான். ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவுக்குள் புகுந்து சரக்குக் கப்பல்களைச் சுட்டுத் தள்ளிய பங்குனி அது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து கல்கத்தா கப்பலில் வேலைக்குப் போயிருந்தவர்கள் ஐந்து பேர். திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாய்லருக்குக் கரி அள்ளிய நாகமுத்து. இன்னொருவர் கப்பல் சமையற்கட்டில் வெங்காயம் உரித்த துலுக்காணம்.

இரண்டு பேரும் வருஷா வருஷம் பங்குனிக் கடைசியில் ஏரிக்கரையில் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, ஒரு கிளாஸ் சாராயம். கற்பூரம் அணைவதற்குள் சண்டை பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் தத்தளித்தபோது பலகை மேல் யார் யாரை இழுத்துப் போட்டார் என்பதுதான் வழக்கு.

"நான் இல்லன்னா இவன் அன்னிக்கே மீனுக்கு நாஷ்டா" என்பார் நாகமுத்து.

"பொய் சொல்லாத. உன் முடியப் புடிச்சி இழுத்ததே நானு" என்பார் துலுக்காணம். நாகமுத்துவின் தலை இப்போது பளபளவென்று வழுக்கையாக இருந்ததால் அந்தச் சாட்சியமும் செல்லவில்லை.

இந்தச் சண்டையைப் பார்ப்பதற்கென்றே குப்பத்து ஜனங்கள் படையலுக்கு வந்தார்கள். செங்கம்மாளும் வந்து சோறு பரிமாறிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். முழுக்கதையிலும் அவள் புருஷனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. "முனிகிருஷ்ணன் பாவம், கங்கையம்மா கங்கையம்மான்னு சொல்லிக்கினே போய்ட்டான்." அதோடு கதை பலகைக்குத் தாவிவிடும்.

எழுபத்திரண்டாம் வருஷம் இந்த வழக்கு குப்பத்தைத் தாண்டிப் போனது. அதற்கு முந்தின டிசம்பரில்தான் பாகிஸ்தானோடு சண்டை நடந்து முடிந்திருந்தது. டீக்கடை, சலூன் எங்கே போனாலும் கடற்படைப் பேச்சுதான். புதுவாயல் கூட்டுரோட்டில் இளைஞர் மன்றம் நடத்திய வீரராகவனுக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம் புதிதாக வந்த இரும்புக் கம்பெனியில் வேலை. அவன் செங்கம்மாளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவன். ஒரு நாள் எறா பேரத்தின் நடுவே, கப்பல் சண்டையில் தப்பிய இரண்டு பேர் தங்கள் குப்பத்தில் இருப்பதாக அவள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அவன் மீனை மறந்துவிட்டு ஓடினான்.

அடுத்த வாரம் கூட்டுரோடு முழுக்கப் போஸ்டர். டீக்கடைக்காரர் இரண்டு கிழவர்களுக்கும் படித்துக் காட்டினார்: 'எதிரிக் கப்பலை மூழ்கடித்த கடற்படைச் சிங்கங்களுக்குப் பாராட்டு விழா.'

நாகமுத்து கலவரப்பட்டுப் போனார். "நாம எந்தக் கப்பலடா முழுகடிச்சோம்?"

துலுக்காணத்துக்குச் சிங்கம் பிடித்திருந்தது. "முப்பது வருசத்துல முன்ன பின்ன மாறத்தான் செய்யும். நீ வாய மூடிக்கினு வந்து மாலைய வாங்கிக்க."

விழா அன்று சாயங்காலம் மேடைக்கு முன்னால் கம்பெனி ஆட்களும் லாரி டிரைவர்களும் சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்களுமாக நல்ல கூட்டம். செங்கம்மாள் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கம்பெனி மேனேஜர் பொன்னாடை போர்த்தி, கராச்சித் துறைமுகத் தாக்குதலிலிருந்து ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். "இந்தச் சிங்கங்களின் கையால் எத்தனை கப்பல் மூழ்கியதோ" என்று அவர் குரலை உயர்த்தினபோது நாகமுத்துவுக்குத் தாங்கவில்லை. எழுந்து வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, பேஜாரு பண்ணாதீங்க. நாங்க யாரு கப்பலையும் முழுகடிக்கல. எங்களத்தான் முழுகடிச்சாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். வீரராகவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி பெரியவரே, எப்படித் தப்பிச்சீங்க, அதையாச்சும் சொல்லுங்க" என்றான்.

அவன் அதைக் கேட்டிருக்கக் கூடாது. பலகை மேடைக்கு வந்துவிட்டது. ஒரே மைக்கை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக இரண்டு கிழவர்களும் வழக்காடினார்கள். டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

செங்கம்மாள் எழுந்தாள். தான் எழுந்ததே அவளுக்கு மேடைப் படியில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது. அவள் நேரே போய் மைக்கின் முன்னால் நின்றாள்.

"அண்ணா, பலகை கதை போதும். முப்பது வருசமா ரெண்டு பேரும் அதும்மேலயே குந்திக்கினு கீறீங்க. எறங்குங்க. எம் புருசனுக்கு இன்னா ஆச்சு, அத்தச் சொல்லுங்க."

"அதான் சொன்னனேம்மா. கங்கையம்மா பேரச் சொல்லிக்கினே..." என்று இழுத்தார் நாகமுத்து.

"அவரு கோயில் பக்கமே தல காட்ட மாட்டாருன்னு எங்க மாமியா தெனம் திட்டும். நடுக்கடல்ல மட்டும் பக்தி எங்கேர்ந்து வந்துச்சு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சொல்லிறலாமா?" என்று துலுக்காணம் கிசுகிசுத்தது மைக்கில் ஊருக்கே கேட்டது. நாகமுத்து தலையை ஆட்டினார். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை.

"அவனுக்குக் கப்பலு ஒத்துக்கலம்மா" என்றார் துலுக்காணம். "தோணியிலயே வளந்தவன்தான். ஆனா மெட்ராஸ் ஹார்பர்ல ஏறுன ஒடனே வாந்தி. கல்கத்தா வரைக்கும் வாந்தி, திரும்பி வரும்போதும் வாந்தி. தொரைங்க வந்து வந்து வேடிக்கை பாப்பாங்க."

"அவன் பங்கு கரியையும் நாந்தான் அள்ளுனேன்" என்றார் நாகமுத்து. "குண்டு உழுந்து கப்பலு சாஞ்சிது. எல்லாரும் தண்ணியில குதிச்சோம். தண்ணியில உழுந்ததும் அவனுக்கு வாந்தி நின்னுபோச்சு. 'இப்பத்தான்டா ஒடம்பு நல்லா கீது'ன்றான்."

செங்கம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"சமையற்கட்டுக் கோழிக் கூண்டு ஒண்ணு மெதந்து வந்துது" என்று துலுக்காணம் தொடர்ந்தார். "அத்தப் புடிச்சிக்கினான். உள்ள ஒரு கோழி உசுரோட கீது. அது அவன் கையக் கொத்த, இவன் அத்தத் திட்ட, அலை எங்களப் பிரிச்சிடுச்சு. ஆனா இருட்டுல ரெண்டு பேரு சத்தமும் கேட்டுக்கினே இருந்துது. அந்தச் சத்தம் இருந்ததால எங்களுக்கும் ஒரு தைரியம். விடிஞ்சப்போ கோழி சத்தம் மட்டுந்தாம்மா கேட்டுது."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"கோழியத் திட்டிக்கினே செத்தான்னு, தாலி கட்டி மூணு மாசம் ஆன பொண்ணாண்ட வந்து எப்படிச் சொல்றது? அதான் கங்கையம்மா பேரச் சொன்னோம்" என்றார் துலுக்காணம்.

செங்கம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "இன்னான்னு திட்டுனாரு?" என்று கேட்டாள்.

"மைக்ல சொல்ற வார்த்தையா அது" என்று துலுக்காணம் நெளிந்தார். பிறகு குனிந்து அவள் காதில் சொன்னார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குள் நுழையும் ஆட்டைப் பார்த்து முனிகிருஷ்ணன் சொல்கிற வார்த்தை அது. போட்டோகூட இல்லாமல், அவன் முகமும் நினைவில் மங்கிப்போய், எத்தனையோ வருஷமாக எட்டாமல் இருந்த குரல் அந்த வார்த்தையோடு வந்துவிட்டது. கொஞ்சம் கரகரப்பான குரல். முடிக்கும்போது மேலே ஏறும். அவள் தோள் குலுங்கியதை அழுகை என்று நினைத்து வீரராகவன் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீரும் வந்தது உண்மைதான்.

வீரராகவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னான். முனிகிருஷ்ணன், ஏழுமலை, கோதண்டம் என்று நாகமுத்து மூன்று பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். விசில் அடித்த டிரைவர்கள் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் செங்கம்மாள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு விடவே இல்லை. கப்பலிலும் குறட்டை விட்டாரா, கல்கத்தாவில் என்ன வாங்கினார், யாரோடு சண்டை போட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "என்னப் பத்தி ஏதாச்சும் பேசுவாரா?" என்றாள்.

நாகமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துலுக்காணம்தான் சொன்னார்: "உன் மேல உசுரு. ஆனா நீ வெக்கிற மீன் கொழம்பு மட்டும் வாயில வெக்க முடியலன்னு சொல்லுவான்."

"அய்ய, அது எங்க மாமியா வச்ச கொழம்பு" என்றாள் செங்கம்மாள். "என்ன அடுப்பாண்டயே உடல அந்தக் கெழவி."

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். "நீயே சொல்லு நைனா, கொழம்பு வச்சது மாமியா, பேரு கெட்டது எனக்கு" என்று அவரிடமும் முறையிட்டாள்.