நாலாவது இடத்துக்கு ஒரு தூண்டில்

என் மச்சானிடம் பதினொரு தூண்டில் கம்புகள் இருக்கின்றன. வரவேற்பறைச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறான். அவன் வீட்டுக்குள் நுழைவது ஒரு முள்ளம்பன்றியின் வயிற்றுக்குள் நுழைவது போல. நாற்காலியில் உட்கார்ந்தால் பின்மண்டையில் ஒன்று குத்தும், எழுந்தால் காதில் ஒன்று மாட்டும். ஒவ்வொன்றையும் எங்கே வாங்கினான், எதற்கு வாங்கினான், எந்த மீனுக்கு எது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மீன் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு பேரன் பேத்தி எடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். காலையில் படகில் போய்ப் பிடித்த மீனில் ஒன்றைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டு, அதைப் பிடித்த கதையை இருட்டுகிற வரைக்கும் சொல்லுவான். என் வீட்டுக்காரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஓய்வு பெற்ற பிறகு இதிலிருந்து தப்ப வழியில்லை. வேலையில் இருந்தபோதாவது ஞாயிறன்றும் சந்தையில் சோதனை என்று பொய் சொல்லிவிட்டு நழுவலாம்.

அந்தப் படகில் மொத்தம் நாலு பேருக்குத்தான் இடம். படகுக்காரரை எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். படகு ஒரு குளியல் தொட்டியைவிட இரண்டு விரல்கடை பெரிது, அவ்வளவுதான். கேப்டனும் மச்சானும் முடிதிருத்துகிற கடைக்காரரும் மூன்று பேர். நாலாவதாக வந்துகொண்டிருந்தவர் ஊரைவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். கதை கேட்டு அலுத்துப்போய், அந்த நாலாவது இடம் எனக்கு வேண்டும் என்று ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் சொன்னேன்.

மச்சான் தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "கேப்டன் கண்டிஷன் தெரியுமா அத்தான்? ஒரு ஆளுக்கு ஒரே ஒரு கம்பு. ஏழடிக்கு மேல கூடாது. அதை வச்சே காலையில மேல திரியிற மீனுக்கு வீசணும், வெயில் ஏறினதும் அடியில பாறைக்கு ஈயம் கட்டி இறக்கணும். உப்புத் தண்ணியில ரீல் சிக்கிக்கிட்டு நின்னா மறுவாரம் ஆள் மாத்திடுவாரு. டயர் கடைக்காரர் வேற வரிசையில நிக்கிறாரு."

"சரி, அப்படி ஒரு கம்பு வாங்கிட்டாப் போச்சு."

"எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"எட்டாயிரம்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். ஊறுகாய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி மூடிக்கொண்டே சொன்னான்: "அந்தப் பணத்துக்கு மீனாவே வாங்கிடுங்க அத்தான். ஒரு வருஷத்துக்கு வரும்."

எனக்கு உச்சந்தலையில் ஆவி கிளம்பியது. அவன் என்னிடம் எடை, அளவு, விலை பற்றிப் பேசுகிறான். முப்பத்திரண்டு வருஷம் தராசுகளுக்கு முத்திரை குத்தியவன் நான். தெருமுனையில் என் தலை தெரிந்தாலே கடைகளில் தராசுத் தட்டுகள் தாமாகச் சமநிலைக்கு வந்து நிற்கும். தட்டின் அடியில் ஒட்டிய புளியை மூக்கால் மோந்தே கண்டுபிடித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் என் பழைய வில் தராசையும் ஒரு காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு துறைமுகச் சாலைக்குக் கிளம்பினேன். "நானும் வரேங்க" என்று என் வீட்டுக்காரியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். பையைப் பிடிக்க ஒரு ஆள் இருக்கட்டும் என்று சம்மதித்தேன்.

தூண்டில் கடையில் கண்ணாடிப் பெட்டி முழுக்க, கம்பில் மாட்டித் தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீல்கள். எல்லாவற்றிலும் 'கடலுக்கு உகந்தது' என்று நீல ஸ்டிக்கர். தங்க நிறம், சிவப்பு நிறம், ஒன்றில் சுறாவின் பல் படம். ரீலில் ஒரு திருகு இருக்கும். மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் கழன்று ஓடவேண்டும் என்பதை அந்தத் திருகுதான் முடிவு செய்கிறது. பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுறாப்பல் ரீலின் அட்டையில் பிரேக் பத்து கிலோ என்று போட்டிருந்தது.

நான் அதில் கொஞ்சம் நரம்பு சுற்றச் சொல்லி, நுனியை என் தராசுக் கொக்கியில் கட்டி, பிரேக்கை முழுக்க இறுக்கி, ரீலைக் கடைக்காரர் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோங்க" என்று இழுத்தேன்.

இரண்டு கிலோ எண்ணூறில் நரம்பு ஓடத் தொடங்கியது.

"பத்துன்னு போட்டிருக்கே," என்றேன்.

"கம்பெனியில போடுறது சார்."

"ஏழு கிலோ இருநூறு எங்க போச்சு?"

"சார், இது காய்கறிக் கடை இல்ல."

"காய்கறிக் கடைக்காரன் இப்படி ஏமாத்தியிருந்தா தராசைப் பறிச்சுக்கிட்டுப் போயிருப்பேன்."

அடுத்ததில் காந்தத்தை வைத்தேன். துருவே பிடிக்காது என்று எழுதியிருந்த ரீலின் திருகாணிகளெல்லாம் தாயைக் கண்ட பிள்ளை மாதிரி ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. பெட்டியிலிருந்த பதினான்கு ரீல்களையும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். கடையில் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் முந்தின நாள் வாங்கிய தன் ரீலையும் நீட்டி, "இதையும் பாருங்க" என்றார். மூன்று கிலோ நூறு. அவர் கடைக்காரரைப் பார்த்த பார்வையில் நான் ஐந்து வயது இளமையானேன்.

பதிமூன்று பொய்யர்களுக்குப் பிறகு, கடைசியாக மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. படமில்லை, பளபளப்பில்லை. பிரேக் திருகு பின்பக்கம் இருந்தது. ஆறு கிலோ என்று அட்டை சொன்னது. தராசு ஆறு கிலோ நூறு காட்டியது. காந்தத்துக்கு அது முகமே கொடுக்கவில்லை. தன் அளவைக் குறைத்துச் சொல்கிற பொருளை என் உத்தியோக வாழ்க்கையிலேயே நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

"அதை யாரும் கேக்கவே மாட்டாங்க சார். எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் கடைக்காரர்.

இதற்குள் என் வீட்டுக்காரி கம்புகள் இருந்த பக்கம் போயிருந்தாள். ஒவ்வொரு கம்பின் நுனியையும் உத்தரத்தில் அழுத்தி வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைப் பெண்ணிடம், "இருபது கிராம் ஈயத்தையும் வீசணும், அறுபது கிராமையும் தாங்கணும். நுனி இளகலா இருக்கட்டும், அடி மட்டும் விறைப்பா. நரம்பு ஓடுற வளையத்துக்குள்ள பஞ்சு விட்டுப் பாத்துட்டேன், இதுல சிக்குது, வேற குடு" என்று கேட்டது காதில் விழுந்தது.

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?" என்றேன்.

"ஒன்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வேற என்ன கேட்டேன் நான்?" என்றாள். "பணத்துல பெரும்பங்கு ரீலுக்குப் போகட்டும். கம்பு விலை கம்மியா இருந்தாலும் ஓட்டிடலாம்."

கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த ஏழடிக் கம்பு ஒன்றை எடுத்தாள். நரம்பும் சேர்த்து எட்டாயிரத்துக்குள் அடங்கியது. எனக்குக் கோபம் மட்டும் அடங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சுறாப்பல்லைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை பிரேக்கைத் தராசில் வைத்து மிகச் சரியாக ஆறு கிலோவுக்குத் திருகினேன். மச்சானுக்கு ஒரு கெட்ட பழக்கம். அடுத்தவன் பொருள் கையில் கிடைத்தால் திருகிப் பார்க்காமல் இருக்கமாட்டான். எங்கள் வீட்டுக் கடிகாரம் அவனால்தான் செத்தது. அதனால், திருகின் பற்களுக்கிடையே மெல்லிய கம்பியை நாலு சுற்றுச் சுற்றி, ரீலின் அடித்தண்டோடு இழுத்துக் கட்டி, முடிச்சின் மேல் ஒரு ஈயக்குண்டை வைத்து இடுக்கியால் நசுக்கினேன். அரசாங்க அச்சு ஒன்றுதான் இல்லை. மற்றபடி சட்டப்படியான முத்திரை.

அவள் எட்டிப் பார்த்தாள். "பிரேக்கை அப்பப்போ கூட்டணும், குறைக்கணும்னு தம்பி சொல்லுவானே."

"சோதிச்சு முத்திரை போட்ட பொருளைத் திருகுறவன் என் பார்வையில குற்றவாளி," என்றேன். "உன் தம்பியா இருந்தாலும் சரி."

அவள் கம்பை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போனாள். ஒரு வாளியைத் தூரத்தில் வைத்து, முள் இல்லாத ஈயத்தை அதற்குள் வீசிப் பழகினாள். கம்பைப் பதம் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். வாளியில் டணார் டணாரென்று சாயங்காலம் வரை சத்தம் கேட்டது.

ஞாயிறு விடிந்ததும் படகில் ஏறினேன். கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவரே, ஓரமா உக்காருங்க" என்றார். எனக்கும் அவருக்கும் இரண்டு வயதுகூட வித்தியாசம் இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சான் கையில் ஒரு பழைய ஸ்கூட்டரின் விலைக்கு வாங்கிய ரீல். என்னுடையதை ஓரக்கண்ணால் பார்த்து, "சிமெண்ட் கலர்ல எடுத்திருக்கீங்க" என்றான். முடிதிருத்துகிறவர் சிரித்தார்.

மூன்றாவது வீச்சிலேயே மாட்டியது. மாட்டியது என்று சொல்வது குறைவு. கடலின் அடியில் யாரோ லாரியை இரண்டாவது கியரில் போட்டார்கள். கம்பு அரைவட்டமாக வளைந்தது, நரம்பு வீணைக் கம்பி போல ஒலித்தது, நான் உட்கார்ந்த நிலையிலேயே வழுக்கிக்கொண்டு போய் விளிம்பில் மோதினேன். படகே திசை திரும்பியது என்று சத்தியம் செய்வேன்.

"பிரேக்கை விடுங்க பெரியவரே," என்றார் கேப்டன்.

"விட முடியாது."

"அறுந்துடும். கொஞ்சம் லூஸ் பண்ணுங்க."

"முத்திரை போட்டிருக்கு."

கேப்டன் குனிந்து ரீலைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். ஈயத்தைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க. அவரு எங்க அக்கா எடுத்த முடிவு," என்றான் மச்சான். தன் கம்பைக் கீழே போட்டுவிட்டு இடுக்கியோடு என் மேல் பாய்ந்தான்.

"தொடாதே. முத்திரையை உடைக்க உனக்கு என்ன அதிகாரம் இருக்கு?" இடுப்புக்கு மேலே பாதி உடம்பு கடல் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் நான் அதைத்தான் கேட்டேன். என் வேஷ்டியின் பின்பக்கத்தை முடிதிருத்துகிறவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கையை எடுங்க ரெண்டு பேரும்," என்று கேப்டன் இரை நறுக்குகிற கத்தியால் கம்பியை அறுத்தார். அவரே திருகைத் தளர்த்தினார். ரீல் கீச்சென்று கத்தியது. நரம்பு ஓடிற்று, நின்றது, மறுபடி ஓடிற்று. மீன் படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய், கீழே கிடந்த மச்சானின் நரம்பையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டது. கேப்டன் யோசிக்கவே இல்லை. ஸ்கூட்டர் விலை ரீலின் நரம்பை வெட்டி எறிந்தார். அந்த ஒரு சத்தத்துக்காக நான் கடலிலேயே விழத் தயார்.

கால் மணி நேரத்தில் பாரை மீன் மேலே வந்தது. படகில் கிடந்தபோது என் கை நீளம் இருந்தது. கரைக்கு வந்தபோது இடுப்பு வரை வந்துவிட்டது. இதை எழுதுகிற நேரத்தில் என்னைவிட உயரம்.

கரையில் கேப்டன் என் கம்பைக் கையில் வாங்கினார். நுனியை மண்ணில் ஊன்றி வளைத்தார். ரீலின் கைப்பிடியைச் சுற்றினார்.

"கம்பு யார் எடுத்தது?"

"என் வீட்டுக்காரி."

"ரீலு?"

"நான். பதினாலுல ஒண்ணு."

"மொத்தம் எவ்வளவு?"

சொன்னேன். அவர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் மீன் கூடையில் எதையோ தீவிரமாகத் தேடினான்.

"இதுதான் நான் சொல்ற கம்பு. வீசலாம், இறக்கலாம், சிக்கல, வழுக்கல. நாலாவது இடம் இதுக்கு உண்டு," என்றார் கேப்டன். என் நெஞ்சு நிமிர்ந்தது. "உங்களுக்குத்தான் இல்ல."

"கம்பு மட்டும் தனியா நடந்து வருமா?"

"வேற யாராவது பிடிச்சுக்கிட்டு வரட்டும். ஆணோ பெண்ணோ, பிரேக்கை விடத் தெரிஞ்ச ஆளா இருந்தாச் சரி."

அவர் மீனை என் கையில் கொடுத்துவிட்டுப் படகைக் கழுவப் போய்விட்டார். நான் வீடு வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். சுறாப்பல் ரீலைவிடப் பெரிய மோசடி இது. பொருள் சரி, பொருளுக்குச் சொந்தக்காரன் வேண்டாமாம். எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எந்தப் பிரிவில்?

அவள் மீனை வாங்கிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, கம்பையும் ரீலையும் நேராகக் குளியலறைக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டு உப்பைக் கழுவ ஆரம்பித்தாள். நான் வாசற்படியில் நின்று நடந்ததை நடந்தபடியே, என்னால் முடிந்த அளவு சேர்த்தும் சொன்னேன். கேப்டனின் படகு அளவு சரியில்லை, அதன் மேல் புகார் எழுதப்போகிறேன் என்றேன். எந்த இலாகாவுக்கு எழுதுவது என்று மட்டும் யோசிக்கவேண்டும் என்றேன்.

அவள் பழைய துணியால் ரீலைத் துடைத்தாள். பிரேக் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். நான் அதைக் கவனித்தேன்.

"வேற யாராவதுன்னு சொன்னாரா? ஆணோ பெண்ணோன்னு சொன்னாரா?" என்றாள்.

"ஆமா. திமிரைப் பாத்தியா?"

"எத்தனை மணிக்கு வரணுமாம்?"