சிந்து ரேகாவும் ஒரு வயிற்றுவலியும்

1

கடலைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் குடத்தோடு காத்திருக்கும் திண்டுக்கல்காரன் நான். கடலை வேளாங்கண்ணியில் முழங்கால் ஆழம் வரை அறிவேன். இந்தக் கதையும் என்னுடையது அல்ல. ஸ்டீபன்ராஜ் கொண்டுவந்து என் தலையில் கட்டியது.

அவர் 'சிந்து ரேகா' என்ற அரசாங்க ஆராய்ச்சிக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பலை உடைக்கப் போகிறார்களாம். அதை முன்னிட்டு அதன் பணி வரலாற்றை வழவழப்பான மலராகப் போட்டிருக்கிறார்கள். போன பயணங்கள், அளந்த ஆழங்கள், அள்ளிய சேறு என்று பக்கம் பக்கமாகப் பெருமை. நடுவில் ஒரு வரி: 'பாதியில் கைவிடப்பட்ட பயணம்: ஒன்று.'

"அந்த ஒண்ணு நான்தாண்ணே. கதையிலயாச்சும் கப்பலக் கொண்டுபோய்ச் சேத்துருங்க," என்றார்.

நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய மகள் அனிஷாவையும் கூட்டி வந்திருந்தார். காந்திகிராமத்தில் படிக்கிறாள். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் அவள் கைவரிசை.

2

நீலக்கடல் தன் மடியை விரித்து

[அங்கிள், கடலுக்கு எதுக்கு மடி?]

ஆராய்ச்சிக் கப்பல் என்பது ஒரு மிதக்கும்

[மிதக்காம?]

சரி தாயே, நேரே சொல்கிறேன். கப்பல் நடுக்கடலில் ஓரிடத்தை நோக்கிப் போகிறது. அங்கே அடியிலிருக்கும் சேற்றைக் குழாய் விட்டு எடுத்தால், ஆதிகாலத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று தெரியுமாம்.* அஜீஸுன்னிசா என்ற ஆய்வு மாணவி அந்தச் சேற்றுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து கப்பலேறியிருக்கிறாள். கீழே அடுப்படியில் ஸ்டீபன்ராஜுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"ஏன் ஸ்டீபன், கப்பல்ல டாக்டர் இருந்தாருல்ல?"

"சமைக்கிறவனுக்கே வயித்துவலின்னா எவண்ணே அந்தச் சோத்தத் திம்பான்? அதுவும் ஞாயித்துக்கெழம. பிரியாணி தம்முல கெடக்கு."

அடேயப்பா, என்ன மானம்! திண்டுக்கல்காரன் பிரியாணி மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவரை வேறெந்த மாவட்டத்தில் பார்ப்பீர்கள்? கடைசியில் அண்டாவுக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். கரைக்குப் போய்த்தான் அறுக்க வேண்டும் என்று டாக்டர் கையை விரித்தார். கேப்டன் கப்பலைத் திருப்பினார்.

* மழையைக் கடலுக்கடியில் தேடுகிறவர்கள் எங்கள் சாணார்பட்டிப் பக்கம் எப்போது வந்து தேடுவார்களோ தெரியவில்லை.

3

அஜீஸுன்னிசா ஸ்டீபன்ராஜின் படுக்கைக்கே வந்து, "அதனால என்ன அண்ணா, அடுத்த வருஷம் போய்க்கலாம்," என்றாளாம். அடுத்த வருஷம் கப்பலை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் ஆராய்ச்சியையே விட்டுவிட்டாள்.

"என்னைய ஒரு வார்த்த திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்துருப்பேண்ணே." ஸ்டீபன்ராஜ் அழுதுவிட்டார். இந்த இடத்தில் கிண்டல் செய்தால் நான் மனுஷனே இல்லை.

4

(இங்கே கேப்டன் மேல்தளத்தில் நின்று, மனித உயிரின் மதிப்பைப் பற்றி ஒரு முழுப் பக்கம் பேசினார். "அவரு அம்புட்டெல்லாம் பேச மாட்டாருண்ணே," என்றார் ஸ்டீபன்ராஜ். எடுத்துவிட்டேன். நல்ல பக்கம், வயிறு எரிகிறது.)

5

ஒரு முடிவு: ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. கப்பலும் போய்ச் சேர்கிறது.

"பொய்ண்ணே. அம்புட்டுத் தூரத்துக்கு அது வராது."

இன்னொரு முடிவு: அவர் கடைசிவரை வலியை மறைத்துவிடுகிறார். கப்பல் போய்ச் சேர்கிறது. சேறு மேலே வருகிறது, அஜீஸுன்னிசா கைதட்டிச் சிரிக்கிறாள். கீழே அடுப்படியில் ஸ்டீபன்ராஜ் செத்துக் கிடக்கிறார்.

"இதுதாண்ணே. இதயே வச்சுக்கங்க."

"ஏம்ப்பா, நீ செத்துப்போறியே!"

"கதையிலதான?"

6

அனிஷா அதையும் பிழையில்லாமல் அடித்து முடித்தாள். பிறகு விரலை எடுத்தாள்.

"அப்பா, கப்பல் திரும்பி, ஆபரேஷன் முடிஞ்சு, ஊருக்கு வந்த பெறகுதான உங்களுக்குக் கல்யாணம்?"

"ஆமா."

"அப்ப இந்த முடிவுல நான் எங்கப்பா?"

ஸ்டீபன்ராஜ் இதை யோசித்ததே இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருடமும் தன்னை மட்டும்தான் கொன்றுகொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார், பாவம்.

பேச வாயெடுத்தார். நான் கையைக் காட்டித் தடுத்துவிட்டேன். பெற்றவர் ஒன்றைத்தான் சொல்ல முடியும்: கப்பலைத் திருப்பு என்று. அதை எழுதி முடித்துவிட்டால், எங்கேயோ இருக்கும் அஜீஸுன்னிசாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எனக்குத் தைரியமில்லை. கதையில் கப்பல் இன்னும் திரும்பவில்லை, சுக்கான் வாசிக்கிற உங்கள் கையில். திருப்புங்கள், அல்லது நேரே விடுங்கள். எதுவானாலும் மனசுக்குள் முணுமுணுக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். தட்டச்சு செய்கிறவளுக்குக் கேட்க வேண்டும்.

[சொல்லுங்க. இன்னும் இங்கதான் இருக்கேன்.]