நாலாம் நம்பர் வீட்டில் நின்ற தண்ணீர்

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், நாராயணப்பனின் லைன் வீடுகளில் நாலாம் நம்பர் வீட்டுச் சிங்க்கில் அடைத்துக்கொண்ட தண்ணீர், ஆவணி மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, விளிம்பைத் தாண்டியும் கீழே வழியாமல் நேராக மேலே வளர ஆரம்பித்தது. அன்று சந்தையில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். புதன்கிழமைக்குள் தண்ணீர் தட்டு அலமாரியைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பொற்கொடியும் அவள் கணவன் பாஸ்கரனும் குடியிருந்தார்கள். செல்போன் கம்பெனியில் பொற்கொடியின் வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடையாது. தண்ணீர் வளர்ந்து மேலே காங்கிரீட் கூரையைத் தொட்டுவிடுமோ என்பதுதான் நாராயணப்பனின் கவலை. "ஞாயித்துக்கெழமக்குள்ள தண்ணிய எறக்கிடும்மா. இல்லன்னா வீட்ட காலி பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ்கரன் கம்பி விட்டுக் குத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினான், தண்ணீர் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பொற்கொடி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே இரண்டாம் நம்பர் வீட்டு டீத்தூளும் மூன்றாம் நம்பர் வீட்டுக் கறிவேப்பிலையும் மிதந்தன. அவற்றுக்கு நடுவே பழுப்பாகக் கட்டி கட்டியாகக் கேழ்வரகுக் களி. லைனில் இருந்த நாலு குடும்பமும் சோறு தின்கிறவர்கள். எல்லா வீட்டுச் சிங்க்குக்கும் பொதுவான கழிவுக் குழாயின் மேல்முனையில் இருந்த ஓனர் வீட்டில் மட்டும்தான் தினம் களி கிண்டுவார்கள். அதை ஓனரிடம் போய்ச் சொல்வதும் மூட்டையைத் தானே கட்டுவதும் ஒன்றுதான் என்று நினைத்து இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை வேறு வழியில்லாமல் சோடா உப்புப் பொட்டலமும் வினிகர் பாட்டிலுமாக ஓனர் வீட்டு அடுப்படியில் போய் நின்றாள். "அக்கா, இத ஒங்க சிங்க்ல ஊத்திக்கிடட்டுமா? மேல இருந்து எறங்குனாத்தான் அடைப்பு போவும்" என்றாள். நாராயணப்பனின் மனைவி வெள்ளையம்மாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து களிப்பானையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் களியோடு மாட்டுத் தொட்டியில் ஊற்றிப் பழகியவள் அவள். தொட்டி இருந்த இடத்தில்தான் இப்போது சிங்க் இருந்தது. "மாட்ட வித்து ரெண்டு வருசம் ஆச்சு. இந்தக் கைக்கு மட்டும் இன்னும் தெரியல கண்ணு" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்துப் பொற்கொடிக்கும் கலங்கிவிட்டது.

அரை டம்ளர் சோடா உப்பைக் கொட்டி, அதன்மேல் அரை டம்ளர் வினிகரை வெள்ளையம்மாவே ஊற்றினாள். நுரை பொங்கியதும் ஈரத்துணியால் வாயை அடைத்துக் கால் மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு குடம் விட்டார்கள். நாலாம் நம்பர் வீட்டில் தண்ணீர், மாடு கழுநீர் உறிஞ்சுகிற சத்தத்தோடு இறங்கியது. இறங்கி, கடைசியில் சிங்க்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டது. இன்னும் இரண்டு முறை சோடா உப்பு போட்டும் அந்த ஒரு சாண் அசையவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் அதற்குள் புகுந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்ததால் மாலையில் வந்த நாராயணப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. பொற்கொடி, கட்டி வைத்திருந்த இரண்டு பைகளையும் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு, "கொஞ்சம் மிச்சம் நிக்கு அண்ணாச்சி" என்றாள்.

"அது பாட்டுக்கு நிக்கட்டும். நீங்களும் இருங்கம்மா" என்றார் அவர். பிறகு அந்த ஒரு சாண் தண்ணீரில் கையை விட்டுக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.