முப்பத்திரண்டு தாள்கள்

பலகையில் பட்டியலை ஒட்டியபோது இடது மேல்மூலைக்கு ஊசி கிடைக்கவில்லை போலும். காற்று வரும்போதெல்லாம் அந்த மூலை மடங்கி விழுந்து முதல் நான்கைந்து பெயர்களை மறைத்தது. கணக்கு டீச்சருக்கு அதனால் நஷ்டமொன்றுமில்லை. அவள் பெயர் அடியில் இருந்தது. கடைசியிலிருந்து மூன்றாவது. நேரே ‘வளர்ச்சி: 6’ என்றிருந்தது. அதற்கு மேலே, அவளையும் கீழேயிருந்த இருவரையும் மற்றவர்களிடமிருந்து பிரித்து, அளவுகோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.

கோட்டின் எல்லை பத்து. பத்துக்குக் கீழே வளர்ச்சி காட்டிய ஆசிரியர்களின் ஒப்பந்தம் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் அதே அளவு கடினமான இன்னொன்று. இடையில் வகுப்பின் சராசரி எவ்வளவு ஏறியதோ அதுவே ஆசிரியருக்கு மதிப்பெண். இதை அறிவித்த கூட்டத்தில் முதலில் கைதூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அதற்கு முன்பெல்லாம் தலைமையாசிரியருக்கு யாரைப் பிடிக்கிறது, யார் அவர் அறை வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் அளவுகோலாக இருந்தது. எண்ணுக்கு முகம் தெரியாது, அது பாரபட்சம் பார்க்காது என்று அன்று அவள் பேசினாள். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

வீட்டில் கணவர் இரண்டு மாதமாகக் காலையில் காப்பியைக் கையில் வாங்கும்போதே, “லிஸ்ட் போட்டுட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கம்பெனி மூடிய பிறகு வீட்டில் சம்பளமென்று வருவது இவளுடையது மட்டும். நாற்பத்தேழு வயதில் இன்னொரு பள்ளிக்கூடத்து வாசலில் சான்றிதழ் பையோடு உட்கார வேண்டியிருக்கும். பலகையை விட்டு நகர்ந்து ஆசிரியர் அறைக்கு வந்தாள். தண்ணீர் குடித்தாள்.

“பாத்தீங்களாக்கா?” என்றபடி அறிவியல் வாத்தியார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒல்லியாக, நெட்டையாக, எப்போதும் படிவம், பாட்டில் என்று எதையாவது நிரப்பிக்கொண்டு திரியும் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சோதனைக்குழாய். அவர் வளர்ச்சி இருபத்தைந்து. பட்டியலில் இரண்டாவது இடம்.

“நீ எப்படிப்பா இருபத்தஞ்சு எடுத்த? உன் பசங்களும் என் பசங்களும் ஒரே ரகம்தானே?”

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்தார். “மொதல் டெஸ்டை நான் எப்ப வச்சேன் தெரியுமா? விளையாட்டு பீரியட் முடிஞ்ச கையோட. வேர்த்து விறுவிறுத்து, ஒருத்தன் செருப்ப ஒருத்தன் தேடிட்டு வர்றானுங்க. கையில தாளைத் திணிச்சுட்டேன். பத்து நிமிஷம் முன்னாடியே வாங்கியும் வச்சுட்டேன். சராசரி பத்தொம்பது. கடைசில நாப்பத்திநாலு. நான் பெரிய ஆளாயிட்டேன்ல?”

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்க்கா. கீழ நின்னாத்தானே மேல ஏறினது தெரியும். நீங்க என்ன பண்ணீங்க?”

என்ன செய்தாள் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. புது வகுப்பு. முதல் வாரம். யார் பெயரும் சரியாகத் தெரியாது. தாளைக் கொடுத்துக் கால்மணி நேரமாகியும் எட்டுப் பேர் எழுதவே ஆரம்பிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். கணக்கு வராமல் இல்லை. கேள்வியை வாசிக்கவே வரவில்லை. கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் பென்சிலின் வண்ணப்பூச்சைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சுண்டெலி என்று கூப்பிட்டார்கள். டீச்சர் வாயில் அது சுண்டு ஆனது. பாவம் பார்த்து, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை உரக்க வாசித்தாள். தாளை வாங்கவும் பதினைந்து நிமிடம் தாமதித்தாள். சராசரி நாற்பத்தொன்று வந்தது. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டாள். ஆண்டு இறுதியில் வேறு பள்ளியிலிருந்து வந்த கண்காணிப்பாளர் வாசலில் நின்றார். யாரும் யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டவில்லை. சராசரி நாற்பத்தேழு.

“நாலு மணி வரைக்கும் திருத்தம் கொடுக்கலாம்க்கா,” என்றார் சோதனைக்குழாய். “மொதல் டெஸ்ட் தாள் கட்டு உங்க அலமாரிலதானே இருக்கு? கூட்டல் பிழைன்னு காரணம் எழுதுங்க. தாளைச் சேத்து அனுப்பிடுங்க. கணக்கு டீச்சருக்கே கூட்டல் தப்பாயிடுச்சான்னு நாலு பேர் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க. வேலை நிக்கும்ல?”

“பிள்ளைங்க மார்க்கைக் குறைக்கச் சொல்றியா?”

“பழைய மார்க் யாருக்குக்கா வேணும்? அது அவங்களுக்குப் போட்டது இல்ல. உங்களுக்குப் போட்டது.”

மூன்றரைக்கு மணியடித்து அறை காலியானது. அவள் அலமாரியிலிருந்து தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். கணக்கு அதுபாட்டுக்கு மனதில் ஓடியது. முதல் தேர்வின் சராசரி நாலு குறைய வேண்டும். முப்பத்திரண்டு தாள். மொத்தம் நூற்று இருபத்தெட்டு மதிப்பெண். தாளுக்கு நாலு. ஒரு விடையில் ‘படி தவறு’ என்று வட்டம் போட்டால் முடிந்தது. அவள் வாசித்துக் காட்டியதால் வந்த மதிப்பெண்தானே அது? அதைக் கழிப்பது பொய்யா, இல்லை இத்தனை நாள் இருந்ததுதான் பொய்யா? இந்த யோசனை வந்ததும் சற்று மூச்சு விட முடிந்தது. அப்படி மூச்சு விட முடிந்ததுதான் அடுத்த நிமிடம் அவளைப் பயமுறுத்தியது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கை தானாகத் தாள்களை மூடியது. யாரோ கடந்து போனார்கள்.

கட்டின் மேலே சுண்டுவின் தாள் இருந்தது. முப்பத்தெட்டு. இறுதித் தேர்வில் நாற்பது. வளர்ச்சி இரண்டு. சன்னல் வழியே பார்த்தாள். பேருந்துக்காகக் காத்திருக்கும் வரிசையில் சுண்டு பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வாசித்துக் காட்டாவிட்டால் அவளால் எவ்வளவு வாங்கியிருக்க முடியும் என்று தெரிந்தால், அந்த அளவு மட்டும் குறைக்கலாம். நியாயமாகவே இருக்கும். “சுண்டு, ஒரு நிமிஷம் உள்ள வா.”

பிள்ளை வந்து மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றது. முகம் வெளுத்திருந்தது. “நான் எதுவும் பண்ணல மிஸ். அவதான் மொதல்ல தள்ளிவிட்டா.”

“அதுக்கில்லடா. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வாசி.”

சுண்டு தாளை எட்டிப் பார்த்தாள். தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள். பிறகு மேசையில் மூடி கழற்றி வைத்திருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள்.

“இது பழைய டெஸ்ட் மிஸ். அப்பா கையெழுத்துகூடப் போட்டாச்சு.”

போட்டிருந்தார். மதிப்பெண்ணுக்குக் கீழே, தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதிய ஒரு பெயர்.

“மார்க்கைக் குறைக்கப் போறீங்களா மிஸ்?”

“யார் சொன்னா?”

“பேனா தெறந்திருக்கு.” பையின் வாரை முறுக்கினாள். “குறைக்காதீங்க மிஸ். அப்பா இதுக்கு மட்டும்தான் ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பாத்துட்டு, மடிச்சு, என் பைல வச்சாரு.”

டீச்சர் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். “சும்மா வாசிடா. பாக்கலாம்.”

சுண்டு கிட்டே வந்தாள். ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்தாள். “ஒரு... தொட்டியில்... நூற்று ஐம்பது லிட்டர் தண்ணீர் உள்ளது.” நின்றாள். மூச்சிழுத்தாள். “நிமிடத்துக்கு... ஆறு லிட்டர்... வீதம்... வெளியேறினால்...” விரல் நகர நகர வரி முழுதாக வந்தது. ஒரு சொல்லையும் அவள் விழுங்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இதே வரிக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலை உரித்த பிள்ளை. பட்டியலில் இதற்கு எங்கேயும் கட்டமில்லை. ‘வளர்ச்சி: 2.’

வாசலில் அட்டெண்டர் வந்து நின்றார். கையில் இன்னும் இரண்டு ஆசிரியர்களின் கட்டுகள், நூல் சுற்றியபடி. “திருத்தம் ஏதாச்சும் இருக்கா டீச்சர்? அஞ்சு நிமிஷம்தான். ஆபீஸ்ல கம்ப்யூட்டரை மூடிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். வெளியே பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. சுண்டு அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த கேள்வியும் வாசிக்கட்டுமா மிஸ்?”

பேனா முனை தாளைத் தொட்டிருந்தது. அந்த அழுத்தமான பெயருக்கு ஒரு விரற்கடை மேலே, முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் புள்ளி ஊறி மெல்ல அகன்றுகொண்டிருந்தது. சுண்டு விரலை இரண்டாம் கேள்வியின் முதல் எழுத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.