கல்யாண வெண்ணெய்

வெள்ளிக்கிழமை மதியம் உம்மா தொழப் போன நேரம் பார்த்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்த மண்ஜாடியை இறக்கினேன். அடுப்பில் கூஸ்கூஸுக்கான கோதுமைக் குருணை கடைசி ஆவியில் வெந்துகொண்டிருந்தது. ஜாடிக்குள் இருந்தது நான் பிறந்த வாரம் உம்மா உப்புப் போட்டுப் பிசைந்து அடைத்த வெண்ணெய். செஃப்ரூ ஊருக்கு மேலே எங்கள் மலைவீடுகளில் பெண் பிறந்தால் இப்படி வைப்பார்கள். அவள் கல்யாணச் சாப்பாட்டில்தான் திறப்பார்கள். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது.

ஒவ்வொரு நோன்பு மாதத்துக்கு முன்பும் உம்மா அந்த ஜாடியை இறக்கித் தூசி தட்டுவாள். ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்ப ஏற்றிவைப்பாள். அந்தப் பெருமூச்சுதான் எனக்குத் தாங்காது. போன வாரம் ஃபெஸ் நகரத்திலிருந்து மனைவியை இழந்த ஒரு கிழவருக்காக அவருடைய தங்கை பெண் பார்க்க வந்தாள். முழங்கால் வலி உண்டா என்று என்னிடம் கேட்டாள். உம்மா தேநீர் ஊற்றியபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குச் சொந்தமாகத் தையல் கடை இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. உம்மாவின் கண்ணுக்கு மட்டும் நான் இன்னும் பாதிதான். அதுதான் வலித்தது.

மூடியைக் கத்தியால் நெம்பியதும் வாசனை மூக்கைத் துளைத்தது. கூஸ்கூஸை அகன்ற தட்டில் கொட்டி, ஒரு கரண்டி வெண்ணெயைப் போட்டு உள்ளங்கையால் தேய்த்தேன். உம்மா பதறிப்போய் வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி செஞ்சே ரகிய்யா?"

"திறந்துட்டேன் உம்மா."

"அது உன் கல்யாணத்துக்குடி!"

"எனக்குன்னுதானே வெச்சே? நான் இங்கதானே இருக்கேன்."

எடுத்துக் குப்பையில் கொட்டிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாள். நடுவில் ஆட்டுக்கறியை வைத்து, சுற்றிலும் பூசணியும் கேரட்டும் அடுக்கிக் குழம்பை ஊற்றினாள். ஒரே தட்டில் ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிட்டோம். முதல் உருண்டையை வாயில் போட்டவள் நெடுநேரம் மென்றாள்.

"உப்பு சரியாத்தான் போட்டிருக்கேன்," என்றாள். பிறகு அழுதாள். நானும்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், பெருநாளுக்கு மட்டும் போடும் பச்சை அங்கியை மாட்டினாள். ஒரு பெரிய கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். எதிர்வீட்டு பதூல், பெருநாளுக்குப் பெருநாள் 'எப்போ விருந்து?' என்று என்னைக் குடைபவள். கதவைத் திறந்ததுமே அவள் மூக்கு விரிந்தது.

"யம்னா! இது கல்யாண வெண்ணெய் இல்ல? கள்ளி, எங்கிட்ட மூச்சுகூட விடலையே! யாரு மாப்பிள்ளை?" என்று உம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

நான் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"மாப்பிள்ளை யாரும் இல்ல," என்றாள் உம்மா. "எம் மகளோட வெண்ணெய். அவளே திறந்தா. ஆறிடப்போகுது, சாப்பிடு."

பதூல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, வாயருகே கையை வைத்துக் குலவையிட்டாள். என்ன விசேஷம் என்று தெரியாமலே மேல்மாடி ஜன்னலிலிருந்து யாரோ பதில் குலவை கொடுத்தார்கள். அடுத்த சந்திலிருந்தும் ஒன்று வந்தது. உம்மா வெறுங்கையோடு தெரு நடுவில் நின்றாள். அப்புறம் மெதுவாகக் கையை வாயருகே கொண்டுபோனாள்.